என்ஜிசி 1365: நடுவில் தண்டு உள்ள கேலக்ஸியைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜனவரி பிறந்தால் எட்டு அங்குலத் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு ஏதாவது ஒரு மொட்டை மாடிக்கோ மலைக் கிராமத்துக்கோ போவது என் வழக்கம். கூடவே பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு படமும் வரும். தென்வானில் உலை என்ற விண்மீன் குழுவின் பக்கம் இருக்கும் என்ஜிசி 1365-இன் படம் அது. வரிசையில் நிற்பவர்கள் கையில் கொடுத்தால், திரும்பி வருவதற்குள் பத்துக் கேள்வி வந்துவிடும். பெரும்பாலும் போன வருடம் வந்த அதே பத்து. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை இங்கே எழுதிப் பதிலும் சேர்த்திருக்கிறேன்.

"விண்மீன் மண்டலம்"னு போட்டிருக்கே, மேஷம் ரிஷபம் மாதிரியா?

இல்லை. குழப்பம் நம் சொல்லில் இருக்கிறது. ராசிகளைப் போன்ற வடிவங்களையும் விண்மீன் மண்டலம் என்கிறோம், கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் ஈர்ப்பு விசையால் கட்டுண்டு கிடக்கும் பெருங்கூட்டத்தையும் அதே சொல்லால் எழுதிவிடுகிறோம். அதனால் இங்கே இரண்டாவதை கேலக்ஸி என்றே சொல்லப்போகிறேன். முதலாவது விண்மீன் குழு.

ஒரு குழுவில் உள்ள நட்சத்திரங்களுக்குள் உறவு எதுவும் இருக்க வேண்டியதில்லை, நம் கண்ணுக்கு ஒரே பக்கம் தெரிகின்றன, அவ்வளவுதான். என்ஜிசி 1365 உலைக் குழுவின் திசையில் இருக்கிறது. ஆனால் அந்தக் குழுவின் நட்சத்திரங்கள் எல்லாம் நம் பால்வீதிக்குள், பக்கத்து வீடு மாதிரி. இது அவற்றைத் தாண்டி, பால்வீதியையே தாண்டி, வெகு தொலைவில் இருக்கிறது.

பேரு ஏன் பஸ் நம்பர் மாதிரி இருக்கு?

1888-இல் டிரையர் என்பவர் தொகுத்த புதிய பொதுப் பட்டியலில் (அதன் ஆங்கிலச் சுருக்கம்தான் என்ஜிசி) 7,840 பொருள்கள் உண்டு. அதில் இது 1365-ஆவது. பெயர் வைத்துக் கட்டுப்படியாகாது என்பதால் எண். செல்லப் பெயராக "பெரிய தண்டுச் சுருள் கேலக்ஸி" என்றும் சொல்வார்கள்.

முதலில் கண்டவர் ஜேம்ஸ் டன்லப். ஆண்டு 1826. ஆஸ்திரேலியாவின் பாராமட்டாவில், தானே செய்த ஒன்பது அங்குலத் தொலைநோக்கியால் தென்வானத்தைத் துழாவிக்கொண்டிருந்தபோது அகப்பட்டது. அதுவரை ஐரோப்பியர் கண்ணில் ஏன் படவில்லை என்றால், லண்டனிலிருந்து பார்த்தால் இது அடிவானத்துக்கு மேலே இரண்டு பாகைதான் எழும். மரமும் புகையும் மறைத்துவிடும்.

தண்டுன்னா என்ன? நடுவுல கம்பி மாதிரி கெட்டியா ஏதாவது இருக்கா?

கெட்டியாக எதுவும் இல்லை. தண்டு என்பது நட்சத்திரங்களின் நெரிசல். சாதாரணச் சுருள் கேலக்ஸியில் கைகள் நடுவிலிருக்கும் உருண்டையிலிருந்தே கிளம்பும். இதில் நடுவே ஒரு நீண்ட கோடு, அந்தக் கோட்டின் இரண்டு முனைகளிலிருந்தும் எதிரெதிராக ஒவ்வொரு கை வளைகிறது. ஒரு முறை ஒரு சிறுமி படத்தைப் பார்த்துவிட்டு மணலில் ஒரே இழுப்பில் வரைந்து காட்டினாள்: ஒரு கொக்கி, ஒரு கோடு, மறுபடி ஒரு கொக்கி. அதைவிட நன்றாக என்னால் விளக்க முடியாது.

சுங்கச்சாவடி வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து மாலைவரை வரிசை அங்கேயே நிற்கிறது, ஆனால் அதிலுள்ள வண்டிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. தண்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். நட்சத்திரங்கள் வட்டமாகச் சுற்றாமல் நீள்வட்டத்தில் போய்வருகின்றன. அந்த நீள்வட்டங்கள் பலவும் ஒரே திசையில் நீண்டிருப்பதால் அந்த இடம் தடித்துத் தெரிகிறது. ஒரு வித்தியாசம்: சுங்கச்சாவடி நகராது, இந்த வடிவம் மொத்தமாகச் சுழல்கிறது.

அது எப்படி உண்டாச்சு? எல்லா கேலக்ஸிக்கும் இருக்குமா?

நட்சத்திரத் தட்டு ஒன்று ஓரளவு அமைதியாகச் சுழன்றுகொண்டிருந்தால், சிறு ஏற்றத்தாழ்வுகூடத் தன் ஈர்ப்பால் அக்கம்பக்கத்து நட்சத்திரங்களை வளைத்து, வளைந்தவை இன்னும் சிலவற்றை வளைத்து, கடைசியில் தண்டாக முடியும். பக்கத்துக் கேலக்ஸி ஒன்று உரசிப்போனாலும் இது தூண்டப்படலாம்.

அபூர்வம் ஒன்றும் இல்லை. நம் அருகிலுள்ள சுருள் கேலக்ஸிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டுக்குத் தண்டு உண்டு. பால்வீதிக்கும் உண்டு. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களை வைத்து 2008-இல் வந்த ஓர் ஆய்வு, 700 கோடி ஆண்டுகளுக்கு முன் ஐந்தில் ஒன்றுக்குத்தான் தெளிவான தண்டு இருந்தது என்றது. அப்புறம் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி வந்து 1,100 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கேலக்ஸியிலேயே தண்டைக் காட்டிவிட்டது. ஆக, நாம் நினைத்ததைவிடச் சீக்கிரமே தொடங்கியிருக்கிறது.

சுத்திக்கிட்டே இருந்தா அந்தக் கைகள் நூல்கண்டு மாதிரி சுருண்டுபோயிருக்கணுமே?

மிகச் சரியான சந்தேகம். இந்தக் கேலக்ஸி ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 35 கோடி ஆண்டு ஆகிறது. ஆயிரம் கோடி ஆண்டுக்கு என்று கணக்குப் போட்டால் முப்பது சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். உள்ளே இருப்பது சீக்கிரம் சுற்றி முடிக்க, வெளியே இருப்பது பின்தங்கினால், கைகள் கண்டாகச் சுருண்டிருக்க வேண்டும்தான்.

சுருளாததற்குக் காரணம் மேலே சொன்ன சுங்கச்சாவடிதான். கையும் நெரிசல்தான், ஒரே நட்சத்திரங்களால் ஆன கயிறு அல்ல. வாயு மேகம் அந்த நெரிசலுக்குள் நுழையும்போது அமுக்கப்பட்டுப் புதிய நட்சத்திரங்கள் பிறக்கின்றன. அவற்றில் பெரியவை நீலமாகப் பிரகாசித்து, கையை விட்டு வெளியேறும் முன்பே செத்துப்போகின்றன. அதனால்தான் கை மட்டும் எப்போதும் பளிச்சென்று இருக்கிறது. இந்தக் கேலக்ஸியில் அந்தக் கைகளைக் கிளப்பிவிட்டு ஓட்டுவதில் தண்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

எவ்வளவு பெருசு?

இதை நீங்களே கணக்கிடலாம். வானத்தில் இதன் நீளம் சுமார் 11 கலை, அதாவது முழுநிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகம். ஒரு பாகைக்கு 60 கலை. 11 கலையை ரேடியனாக்கினால் 0.0032. தூரம் 6 கோடி ஒளியாண்டு. பெருக்கினால் ஏறத்தாழ 2 லட்சம் ஒளியாண்டு வருகிறது. பால்வீதி சுமார் 1 லட்சம் என்று வைத்தால், அதைப்போல் இரண்டு மடங்கு.

ஒளியாண்டு என்பது 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். ஆண்டு என்று முடிவதால் காலம் என்று நினைக்க வேண்டாம், அது தூரம்தான்.

ஒரு இடத்துல 5.6 கோடின்னு இருக்கு, இன்னொரு இடத்துல 6 கோடி, இன்னொண்ணுல 6.4. எது சரி?

மூன்றும் நேர்மையான எண்கள். அளந்த முறையும் பிழை வரம்பும் வேறு. டேப் வைத்து அளக்க முடியாத இடத்தில் பத்து சதவீதம் முன்பின் என்பது நல்ல அளவீடு.

இதற்கான சிறந்த அளவுகோல் செஃபீட் வகை நட்சத்திரங்கள். மூச்சு விடுவதுபோல் இவை மங்கிப் பிரகாசிக்கும். ஒரு மூச்சுக்கு எத்தனை நாள் என்று தெரிந்தால் நிஜப் பிரகாசம் தெரிந்துவிடும் என்பதை ஹென்றியெட்டா லெவிட் 1912-இல் உறுதியாகக் காட்டினார். நிஜப் பிரகாசம் தெரியும், கண்ணுக்குத் தெரியும் பிரகாசமும் தெரியும், அப்புறம் தூரம் கணக்குத்தான். 1990-களில் ஹபிள் தொலைநோக்கி இந்தக் கேலக்ஸியில் சுமார் ஐம்பது செஃபீட்களைக் கண்டது. விடை 6 கோடி ஒளியாண்டை ஒட்டி வந்தது. நான் 6 கோடி என்றே சொல்வேன். தசமப் புள்ளிக்கு அப்புறம் சண்டை வேண்டாம்.

செம்பெயர்ச்சியை வெச்சே தூரத்தைச் சொல்லிடலாம்னு படிச்சேன். அப்புறம் எதுக்கு இந்த செஃபீட் எல்லாம்?

செய்து பார்த்துவிடுவோம். ஹைட்ரஜனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் தெரியும் சிவப்புக் கோட்டின் அலைநீளம் ஆய்வகத்தில் 656.3 நானோமீட்டர். இந்தக் கேலக்ஸியிலிருந்து வரும்போது அது சுமார் 659.9-இல் விழுகிறது. அந்த மூன்றரை நானோமீட்டர் நகர்வுதான் செம்பெயர்ச்சி. அதிலிருந்து கிடைக்கும் விலகும் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 1,636 கிலோமீட்டர். 32.6 லட்சம் ஒளியாண்டுக்கு நொடிக்கு 70 கிலோமீட்டர் என்ற விரிவு விகிதத்தால் வகுத்தால் 7.6 கோடி ஒளியாண்டு வருகிறது. செஃபீட் சொன்ன 6 கோடி எங்கே, இது எங்கே!

காரணம், இந்தக் கேலக்ஸி தனியாக இல்லை. உலைக் கொத்து என்ற கேலக்ஸிக் கூட்டத்தில் ஒன்று. கூட்டத்தின் ஈர்ப்பில் எல்லாம் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன, அந்த ஓட்டம் நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர் இருக்கும். வெகு தொலைவிலுள்ள கேலக்ஸிக்கு அது சில்லறை. 6 கோடி ஒளியாண்டு தூரத்தில் அது பெரிய பிழை. செம்பெயர்ச்சி முறை பக்கத்துத் தெருவுக்கு ஆகாது, தூரத்து ஊருக்குத்தான் ஆகும்.

அப்போ நாம பாக்குறது 6 கோடி வருஷத்துக்கு முந்தினது. இப்போ அது இருக்குமா?

இருக்கும். அந்த ஒளி கிளம்பியபோது இந்தியா ஆசியாவோடு இன்னும் முழுதாக முட்டவில்லை, இமயமலை எழவில்லை. நமக்கு அது யுகம். ஆனால் 35 கோடி ஆண்டுக்கு ஒரு சுற்று என்று சொன்னேன் அல்லவா? 6 கோடி ஆண்டு என்பது அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். கேலக்ஸி அறுபது பாகைபோலத் திரும்பியிருக்கும். படத்தில் பளிச்சென்ற பெரிய நீல நட்சத்திரங்கள் மட்டும் இன்று உயிரோடு இருக்காது.

நம்ம ஊர்ல இருந்து தெரியுமா?

தெரியும், லண்டன்காரர்களைவிட நாம் கொடுத்து வைத்தவர்கள். சென்னையிலிருந்து தெற்கே 41 பாகை உயரம்வரை ஏறும், யாழ்ப்பாணத்தில் 44, கன்னியாகுமரியில் 46. சிக்கல் மழையில் இருக்கிறது. இது நள்ளிரவில் உச்சிக்கு வருவது நவம்பர் நடுவில், வடகிழக்குப் பருவமழை பிய்த்துக்கொண்டு கொட்டும் நேரம். அதனால்தான் பொங்கலை ஒட்டி வைத்துக்கொள்கிறேன். அப்போது இரவு எட்டு மணிக்கே தெற்கில் உச்சியில் இருக்கும்.

வெறுங்கண்ணுக்கு வாய்ப்பே இல்லை. நல்ல இருட்டில் எட்டு அங்குலத் தொலைநோக்கியில் ஒரு மங்கலான தீற்றல், நடுவில் சற்றே நீண்ட புள்ளி. கைகளைப் பிடிக்க இன்னும் பெரிய கண்ணாடியும் பழகிய கண்ணும் வேண்டும். வரிசையில் அரைமணி நேரம் நின்று பார்த்த ஒரு பெரியவர், "சிலேட்டுல சாக்பீஸை அழிச்ச மாதிரி இருக்கு, இதுக்கா?" என்று கேட்டார். சரிதான், அப்படித்தான் இருக்கும். நேராக உற்றுப் பார்க்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் பாருங்கள், விழித்திரையின் ஓரத்துக்குத்தான் மங்கல் ஒளி நன்றாகத் தெரியும்.

அப்போ படத்துல இருக்கிற கலர் எல்லாம் பொய்யா?

பொய் இல்லை, மொழிபெயர்ப்பு. கண் உள்வாங்குவது நொடியில் ஒரு துளி ஒளி, கேமரா மணிக்கணக்கில் சேர்க்கும். சாதாரண ஒளியில் எடுத்த படத்தில் மஞ்சளான தண்டு வயதான நட்சத்திரங்கள், நீலக் கைகள் இளசுகள், இளஞ்சிவப்புப் புள்ளிகள் ஒளிரும் ஹைட்ரஜன். இவை கிட்டத்தட்ட நிஜ நிறங்கள்.

ஜேம்ஸ் வெப் படம் வேறு கதை. அது பிடிப்பது நம் கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பு. அதில் ஆரஞ்சாகச் சிலந்தி வலைபோல் தெரிவது தூசி. சாதாரணப் படத்தில் கருப்பாக மறைக்கும் அதே தூசி அங்கே தானே ஒளிர்கிறது. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றின் நெகட்டிவ் மற்றொன்று என்று தோன்றும்.

தண்டு மேல ரெண்டு கருப்புக் கோடு போகுதே, அது என்ன?

படத்தில் நான் முதலில் காட்டும் இடமே அதுதான். தண்டு சுழலும் திசையில் முன்விளிம்பு ஓரமாக அந்தத் தூசிக் கோடுகள் ஓடுகின்றன. நட்சத்திரங்கள் ஒன்றையொன்று மோதாமல் தாண்டிப் போய்விடும், அவற்றுக்கு நடுவே அவ்வளவு இடைவெளி. வாயு மேகங்களால் அது முடியாது. தண்டின் ஈர்ப்பு அவற்றை வளைக்கும்போது ஒன்றோடொன்று முட்டி, வேகம் இழந்து, அந்தக் கோடு வழியாக மையத்தை நோக்கிச் சரிகின்றன. வாய்க்காலில் தண்ணீர் பாய்கிற மாதிரி, வெளியே கிடக்கும் வாயு நடுவுக்கு வந்து சேர்கிறது.

வந்த வாயு மையத்தைச் சுற்றி ஒரு வளையமாகத் தேங்கி அங்கே நட்சத்திரங்களாக வெடித்துக் கிளம்புகிறது. ஹபிள், வெப் இரண்டின் படங்களையும் சேர்த்துப் பார்த்தவர்கள், ஒவ்வொன்றும் பத்து லட்சம் சூரியன்களுக்கு மேல் நிறையுள்ள, ஒரு கோடி ஆண்டுகூட வயதாகாத நட்சத்திரக் கொத்துகள் சுமார் முப்பதை அங்கே எண்ணியிருக்கிறார்கள். அதில் பதினாறு, வெப் வந்து தூசியைத் துளைத்துப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாதவை. பத்துக் கோடி ஒளியாண்டு சுற்றளவில் இவ்வளவு வளமான கூட்டம் வேறெந்தக் கேலக்ஸியிலும் கண்டதில்லையாம்.

நடுவுல கருந்துளை ஒளி வேகத்துல சுத்துதுன்னு செய்தில வந்துச்சே?

2013-இல் வந்த செய்தி. தலைப்பு கொஞ்சம் மிகை. ஒரு கருந்துளை எவ்வளவு வேகமாகச் சுழலலாம் என்பதற்குக் கோட்பாடு ஓர் உச்ச வரம்பு வைக்கிறது. இங்கேயுள்ள கருந்துளை, சுமார் 20 லட்சம் சூரிய நிறை, அந்த வரம்பில் குறைந்தது 84 சதவீதத்தில் சுழல்கிறது என்பதுதான் கண்டுபிடிப்பு.

எப்படித் தெரிந்தது? கருந்துளையைச் சுற்றும் சூடான வாயுவில் இரும்பு அணுக்கள் ஒரு குறிப்பிட்ட எக்ஸ் கதிரை உமிழும். கூர்மையாக இருக்க வேண்டிய அந்தக் கோடு, கருந்துளைக்கு மிக அருகில் ஈர்ப்பால் இழுபட்டு அகன்றுவிடுகிறது. வாயு எவ்வளவு நெருங்கிச் சுற்ற முடிகிறதோ அவ்வளவு அகலம், எவ்வளவு நெருங்க முடியும் என்பதைத் தீர்மானிப்பது சுழற்சி. "அகலம் மேகங்கள் மறைப்பதால் வந்த மாயம்" என்று ஒரு தரப்பு வாதிட்டுக்கொண்டிருந்தது. நுஸ்டார், எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்ற இரண்டு எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கிகளும் 2012-இல் ஒரே நேரத்தில் பார்த்தபோது, அதிக ஆற்றல் கதிர்களையும் சேர்த்துப் பார்த்தால் மேகக் கணக்கு மட்டும் பொருந்தவில்லை.

அவ்வளவு தூரத்துல அவ்வளவு சின்னதை எப்படி அளந்தாங்க?

ஒரு கிரகணம் உதவியது. 2006 ஏப்ரலில் சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கி (ஆமாம், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர்தான்) இரண்டு நாளைக்கு ஒரு முறை என்று இரண்டு வாரம் இதைப் பார்த்தது. இரண்டாவது முறை பார்த்தபோது மட்டும் மையத்தின் கடின எக்ஸ் கதிர்களைக் காணோம். அடுத்த முறை திரும்ப வந்துவிட்டன. குறுக்கே ஒரு மேகம் போயிருக்கிறது.

ரயில் கடக்கும்போது எதிர்ப்பக்கத்து விளக்கு எவ்வளவு நேரம் மறைகிறது என்று பார்ப்பது மாதிரிதான். மறைந்த வேகத்தைக் கொண்டு பின்னால் கருந்துளையைச் சுற்றி ஒளிரும் வாயு வட்டின் அளவைக் கணித்தார்கள்: பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் ஏழு மடங்கு. 2 லட்சம் ஒளியாண்டுக் கேலக்ஸிக்குள் அவ்வளவு சிறியது! அளவீட்டுக் கதைகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

இவ்வளவு பெரிய கேலக்ஸிக்கு நம்மளோடதைவிட சின்னக் கருந்துளையா?

ஆமாம். பால்வீதியின் கருந்துளை சுமார் 40 லட்சம் சூரிய நிறை, அதைச் சுற்றும் நட்சத்திரங்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்து அளந்தது. இங்கே அப்படித் தனித்தனி நட்சத்திரத்தைப் பார்க்க முடியாது, மறைமுகமாகத்தான் மதிப்பிட வேண்டும், அதனால் எண்ணில் கொஞ்சம் தளர்வு உண்டு. எப்படியானாலும் வீடு பெரிது என்பதால் அடுப்பும் பெரிது என்று விதி இல்லை. நம்முடையது பட்டினியில் கிடக்கிறது, இதற்குத் தண்டு வழியாகச் சாப்பாடு வருகிறது. பிரகாசமாக இருப்பது அதனால்தான்.

ஒருநாள் எல்லாத்தையும் முழுங்கிடுமா?

முழுங்காது. கேலக்ஸியின் நட்சத்திரங்களை மட்டும் எடைபோட்டால் பத்தாயிரம் கோடி சூரியன் வரும். கருந்துளை அதில் ஐம்பதாயிரத்தில் ஒன்று. அதன் பிடி தன் அருகாமையோடு சரி.

வெடிச்ச நட்சத்திரம் ஏதாவது பாத்திருக்காங்களா?

1957, 1983, 2001, 2012 என்று நான்கு. 2001-இல் வெடித்ததைக் கண்டவர் ஆஸ்திரேலியாவின் ராபர்ட் எவன்ஸ், கண்ணால் பார்த்தே. நூற்றுக்கணக்கான கேலக்ஸிகளின் தோற்றத்தை மனப்பாடமாக வைத்திருந்து, புதுப் புள்ளி வந்தால் சொல்லிவிடுவாராம். 2012-இல் வெடித்தது ஒன்று-ஏ வகை. நிஜப் பிரகாசம் கணிக்கக்கூடிய வகை என்பதால் தூரத்துக் கேலக்ஸிகளை அளக்க இவை உதவும். செஃபீட்களும் ஒன்று-ஏ வெடிப்பும் சேர்ந்தே கிடைத்த கேலக்ஸிகள் கொஞ்சம்தான், அதில் இது ஒன்று. பிரபஞ்சம் விரியும் வேகம் (மேலே 70 என்று வைத்துக்கொண்டோமே, அது) 67-ஆ 73-ஆ என்று இன்று நடக்கும் சண்டையில் இந்தக் கேலக்ஸியின் தூரமும் ஒரு சாட்சி.

அங்கேருந்து யாராவது நம்மளைப் பாத்தா என்ன தெரியும்?

இதைக் கேட்டது ஒன்பதாம் வகுப்புப் பையன். அன்றைக்குப் பதில் தெரியாமல் விழித்து, வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பால்வீதியின் தட்டிலிருந்து பார்த்தால் அந்தத் திசை ஏறக்குறைய 55 பாகை தெற்கே சாய்ந்திருக்கிறது. அதாவது அவர்களுக்கு நம் கேலக்ஸி ஓரப்பக்கம் காட்டாது, கொஞ்சம் சாய்த்துப் பிடித்த தட்டைப்போல முகம் காட்டும். நீளம் நாம் அதைப் பார்ப்பதில் பாதி, ஆறு கலைக்குக் கொஞ்சம் குறைவு. சுருள் கைகள் தெரியும். தட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் நமக்கு வெகுகாலம் தெரியாமல் இருந்த நம் தண்டு, அவர்களுக்கு ஒரே படத்தில் தெரிந்துவிடும்.